ஆயுள் தண்டனை சட்டத்தில் இருக்கிறது, தீர்ப்பு எங்கே?

கிண்ணியாவில் சூரங்கல் பக்கம் இராவில் 'டமார்' என்று கேட்டால் யாரும் பாயை விட்டு எழும்புவதில்லை. வயலுக்குள் யானை இறங்கியிருக்கும், காவலுக்குப் போனவர் யானை வெடி போட்டிருப்பார். ஆனால் கொழும்புப் பக்கம் துவக்குச் சூடு என்று செய்தி வந்தால், தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் ஆறும்வரை அதே பேச்சுத்தான். "திரும்பத் திரும்பச் சுடுறவன வெளிய விட்டா இப்புடித்தான் காக்கா. மவுத்தாகுமட்டும் உள்ள போடணும்."

கோபம் நியாயமானது. ஆனால் உள்ளே போடச் சட்டத்தில் இடமில்லை என்பது சரியல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டு இறுக்கப்பட்டது. ரி-56 தானியங்கித் துவக்கை அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை வரை போகலாம். சுட வேண்டும் என்றுகூட இல்லை, கூரைக்குள் செருகியிருந்தால் போதும். கொலைக்கு மரண தண்டனை. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கில் போடப்படவில்லை என்பது வேறு கதை. பழைய குற்றவாளிக்குத் தண்டனையைக் கூட்டவும் சட்டத்தில் வழி உண்டு.

சிக்கல் 'பழைய குற்றவாளி' என்ற சொல்லில் இருக்கிறது. பத்திரிகைக்குப் பத்து வழக்கு இருந்தாலே அவர் பழைய குற்றவாளி. நீதிமன்றத்துக்கோ தீர்ப்பு வந்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்புத்தான் வருவதில்லை. சாட்சி பயந்து பின்வாங்குகிறார், தவணைக்கு மேல் தவணை போகிறது. நமது சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியல்காரர்களே அதிகம்.

பாதாள உலகக் குழுத் தலைவர் எனப்பட்ட கணேமுல்ல சஞ்சீவவும் விளக்கமறியலில் இருந்தவர்தான். 2023இல் கைதாகி, பூசா சிறையில் இருந்தார். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, வழக்கறிஞர் வேடத்தில் வந்த ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். கைத்துப்பாக்கி உள்ளே வந்தது நடுப்பக்கங்களைக் குடைந்தெடுத்த ஒரு புத்தகத்துக்குள். கடும் தண்டனை இருக்கிறது என்பது தெரியாமலா சுட்டவர் அதைக் கையில் எடுத்தார்? சட்டத்துக்குள் இன்னும் பத்து வருடத்தைக் கூட்டி எழுதியிருந்தால் திரும்பிப் போயிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. அன்றைக்கே புத்தளம் பாலாவியில் அவர் பிடிபட்டார். அகப்படுவோம் என்று முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அவர் ஒருவேளை யோசித்திருப்பார்.

இதற்கிடையில் பயிர்க் காவலுக்குத் துவக்கு வைத்திருக்கும் நம் ஊர் விவசாயி, வருடம் முடிவதற்குள் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க, கையில் கோப்போடு பாலம் கடந்து திருகோணமலைக்கு பஸ் ஏறுகிறார்.