அண்டை வீட்டில் கற்ற சேலைக்கட்டு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். அந்த ஆடையைத் தேர்ந்தெடுப்பதில்தான் இன்று வீட்டுக்கு வீடு தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம்!

பால்மரமும் செம்பனையும் நின்ற செண்டாயான் பக்கத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகரம் எழுந்துவிட்டது. கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும்; இலண்டன் பெண் எதை உடுத்துகிறாள், சென்னைப் பெண் எப்படிக் கொசுவம் வைக்கிறாள் என்பதெல்லாம் படம் படமாக வந்து நிற்கின்றன. தீபாவளி நெருங்கினால் சொல்லவே வேண்டாம். "இந்தக் கோலமெல்லாம் நமக்கு எதற்கு?" என்கிறார் தாய். "எல்லாரும் போடுகிறார்களே, அம்மா!" என்கிறாள் மகள்.

சகோதரிகளே! பிறர் உடுத்துவதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வது தவறா? ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன், உடுத்துவதற்கு ஏற்ற உடை இல்லாமல் வாசற்படியில் தயங்கி நின்ற ஒரு பெண்ணின் கதை இதற்கு விடை சொல்லும்.

வாசல் தாண்ட ஓர் உடை

ஞானதானந்தினி தேவி 1850-ல் வங்காளத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஏழெட்டு வயதிலேயே கல்கத்தாவின் புகழ்பெற்ற தாகூர் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். மகாகவி இரவீந்திரநாத் தாகூர் இவருடைய கொழுந்தனார். கணவர் சத்தியேந்திரநாத் 1863-ல் ஐ.சி.எஸ். பதவிக்குத் தேறிய முதல் இந்தியர். அவருக்குப் பம்பாய் மாகாணத்தில் வேலை கிடைத்தது. மனைவியையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பினார்.

அங்கேதான் சிக்கல் முளைத்தது. அந்நாளில் வங்காளத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் அந்தப்புரத்தை விட்டு வெளியே வருவதில்லை. வீட்டுக்குள் ஒரே ஒரு சேலையை உடம்பில் சுற்றிக்கொள்வார்கள். ரவிக்கையும் இல்லை, உள்பாவாடையும் இல்லை. அந்தக் கோலத்தில் அந்நியர் முன் எப்படிப் போவது? பிரெஞ்சுக்காரர் கடை ஒன்றில் சொல்லி ஏதோ ஓர் உடை தைத்து வாங்கினார்கள். அதை அவரால் தானாகப் போட்டுக்கொள்ளவும் முடியவில்லை! வீட்டிலிருந்து கப்பல் வரைக்கும் மூடுபல்லக்கில்தான் போனார். உடை இல்லாத குறை ஒரு பெண்ணை உலகத்திலிருந்தே மறைத்து வைத்திருந்தது பார்த்தீர்களா?

பம்பாயில் அவர்கள் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பெரியவரின் இல்லத்தில் தங்கினார்கள். அவ்வீட்டுப் பெண்கள் சேலை கட்டிக்கொண்டு தாராளமாக வெளியே போய்வந்தார்கள். ஞானதானந்தினி அவர்கள் கட்டும் விதத்தைக் கூர்ந்து பார்த்தார்; பழகினார். ஆனால், பார்த்ததை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வலக்கை தடையின்றி இயங்கும்படி முந்தானையை இடத்தோளில் விட்டார். ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்தார். இடைஞ்சல் இல்லாமல் நடக்க, நாலு பேர் முன் நிற்க, ஓர் உடை கிடைத்தது.

1866-ல் கல்கத்தா திரும்பியதும் அரசப் பிரதிநிதியின் மாளிகை விருந்துக்கே சென்று ஊரை வியக்க வைத்தார். அதற்குப் பின் அவர் செய்ததுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. 'பாமாபோதினி' என்ற வங்காளப் பெண்கள் பத்திரிகையில், இந்தச் சேலைக்கட்டைக் கற்க விரும்புகிறவர்களுக்குத் தாமே கற்றுத்தருவதாக விளம்பரம் செய்தார்! தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை.

மேல்நாட்டிலும் அதே காலத்தில்தான் இது நடந்தது. 1863-ல் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர், உடைக்கான காகித மாதிரிகளை அளவு வாரியாக வெட்டி விற்கத் தொடங்கினார். சீமாட்டிகளின் உடையை ஏழை வீட்டுப் பெண்ணும் தன் அளவுக்கு வெட்டித் தைக்க வழி பிறந்தது.

நம் பாட்டிமாரின் நாகரிகம்

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டத்துக்கு வந்த நம் பாட்டிமார், மலாய்ப் பெண்களைப் பார்த்து பாத்தேக் கைலி கட்டப் பழகவில்லையா? விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள், கொசுக்கடிக்கும் பால்கறைக்கும் அஞ்சி ஆண்களின் முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொள்ளவில்லையா? யாரும் சொல்லித்தராமல், வேலைக்கு ஏற்றபடி அவர்களே கண்டுகொண்ட உடை அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைப்படவே இடமுண்டு.

ஆகவே பெண்களே, படங்களைத் தாராளமாகப் பாருங்கள். வாங்குமுன் மட்டும் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இந்தத் துணி ஒத்துவருமா? இதை உடுத்திக்கொண்டு பேருந்து ஏறவும், குனிந்து நிமிர்ந்து வேலை செய்யவும் முடியுமா? ஒரு நாள் கூத்துக்கா, பல நாள் உடுத்தவா? படத்தில் நிற்கும் பெண்ணின் உடல்வாகு வேறு, நம் உடல்வாகு வேறு. அவளுக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாவிட்டால் குறை நம் உடம்பில் இல்லை, தையலில்தான். மூன்று மாதத் தவணையில் கட்ட வேண்டிய உடை, கட்டி முடிக்குமுன் சாயம் போய்விட்டால் யாருக்கு நட்டம்? விரலுக்குத் தகுந்த வீக்கமே நல்லது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் ஒரு படத்தைக் காட்டினால் உடனே சீறாதீர்கள். "இதில் எது உனக்குப் பிடித்தது? கழுத்தா, கையா, நிறமா?" என்று கேளுங்கள். மூலையில் உறங்கும் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய சேலை ஒன்றை எடுத்து இருவரும் வெட்டித் தைத்துப் பாருங்கள். முதல் ரவிக்கை கோணலாகத்தான் வரும், இரண்டாவது நேராகும். மூன்றாவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் "எனக்கும் சொல்லிக்கொடு" என்று வருவாள். மறுக்காமல் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.