தோலும் மண்ணும் கல்லும் பாடும் ஓர் ஆண்டு

பிசான நெல் அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும் பங்குனி, சித்திரையில் தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடை என்னும் திருவிழா தொடங்கிவிடும். சுடலைமாடன் கோயில் பந்தலுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கணியான் கூத்துக் கலைஞர் வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயில் மகுடத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். விரலால் தட்டுவார், காதைக் கொடுப்பார், மறுபடியும் காட்டுவார். பார்ப்பவருக்கு அது சடங்குபோலத் தெரியும். அவரோ சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

மகுடம், வட்ட மரச்சட்டத்தில் தோல் போர்த்திய பறை. தோல் முழுக்கக் கொலாஜன் என்ற புரத இழைகள். காற்றின் ஈரத்தைக் குடித்தால் அவை தளர்ந்து ஒலி அமுங்கிவிடும். சூடு பட்டால் ஈரம் வெளியேறித் தோல் விறைக்கும். நமத்த அப்பளத்தையும் பொரித்த அப்பளத்தையும் தட்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கூத்தில் இரண்டு மகுடங்கள் உண்டு: ஒன்று உச்சம், மற்றது மந்தம். ஒன்று கேட்க, மற்றொன்று பதில் சொல்ல, விடியும்வரை கதை நகரும்.

ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். இப்போது முன்னே நிற்பது நாகசுரம். அதன் வாயில் செருகும் சீவாளி, நாணல் தட்டையில் செய்த மெல்லிய இரட்டை இதழ். ஊதும்போது அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். மூச்சின் அழுத்தமும் உதட்டின் பிடியும் துளையைப் பாதி மூடும் விரலும் சேர்ந்து, அந்த ஏழிலிருந்து ராகத்தின் அத்தனை வளைவுகளையும் எடுக்கின்றன. இந்த மண்ணின் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணையாக ஓடியது இந்தக் கருவியில்தான்.

குற்றாலத்தில் சாரல் இறங்கும் ஆடியில் மறுபடியும் கொடைக் காலம். இப்போது வில்லடி என்னும் வில்லுப்பாட்டு. ஆள் உயரத்தைவிட நீண்ட வில், அதில் வரிசையாகத் தொங்கும் மணிகள். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டுகிறார். ஒரு நாண் தனியாக எழுப்பும் ஒலி சன்னமானது. வில்லைக் குடத்தின் கழுத்தோடு கட்டியதில்தான் சாமர்த்தியம்.

குடத்தின் வாயை மட்டையால் அடித்ததும் உள்ளே அடைபட்ட காற்று சுருள்கம்பிபோல் அமுங்கி விரிகிறது. கழுத்திலுள்ள காற்று அந்தக் கம்பியில் கட்டிய கல்போல் மேலும் கீழும் ஆடுகிறது. இதை ஒத்ததிர்வு என்பார்கள்: ஒரு பொருள் தனக்கு இயல்பான வேகத்தில் வாங்கி அதிர்வது. காலி சீசாவின் வாயில் ஊதினால் ஒலி எழுவதும் இதே விதியில்தான். பானை பெரிதாகப் பெரிதாக ஒலி தாழும். கடல் கடந்த பிரேசிலில் பெரிம்பாவ் என்ற வில்லிலும் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் உடுக்கை. அதன் இடுப்புக் கயிற்றை விரல்கள் அழுத்த, இருபக்கத் தோலும் இறுகிக் குரல் ஏறுகிறது. ச-விலிருந்து மேல் ச-வுக்கு ஏற வேண்டுமானால் இறுக்கம் இரண்டு மடங்கானால் போதாது. நான்கு மடங்காக வேண்டும். இந்தக் கணக்கை உடுக்கைக்காரரின் விரல்கள் இருட்டிலும் போட்டுவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தோல் கருவிகளுக்குச் சோதனைக் காலம். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியில், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை அப்போதுதான் நடக்கிறது. அரையர் கையிலிருப்பது தாளம் மட்டுமே. அந்த உலோகத்தைப் பனி தளர்த்துவதில்லை.

பருவம் எதுவானாலும் சுருதி மாறாத கருவியொன்று நெல்லையப்பர் கோயிலில் நிற்கிறது. பெரிய தூணொன்றைச் சுற்றி 48 சிறு தூண்கள், அத்தனையும் ஒரே கல்லில். தட்டினால் மெலிந்த கல் வளைந்து மீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வளைவு அது. ஒரே பருமனுள்ள தூணின் நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி ஏறத்தாழ நான்கு மடங்கு உயரும். மெலிய மெலியத் தாழும். நாகசுரத்தில் துளை பிசகினால் மெழுகு வைத்துச் சரிசெய்யலாம். கல்லில் ஒரு கீற்று கூடுதலாகச் செதுக்கிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை. அந்தச் சிற்பி உளியோடு காதையும் தீட்டி வைத்திருந்தவர்.

தை பிறந்து பிசானம் முற்றினால் அடுத்த கொடை நெருங்கிவிடும். தூண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். தட்டித் தட்டியே கல் தேய்ந்துபோகும். கொடைக்கு மட்டும் பாட்டு தொடங்குமுன்னே போய்விடுங்கள். வைக்கோல் தீயில் மகுடம் காயும் அந்தச் சில நிமிடங்களையும் கச்சேரியோடு சேர்த்தே கேளுங்கள்.