யானைக்கால் வியாதியும் உயிரணுக்களும்

கடலூர் முதுநகரில் நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஒரு மூதாட்டியார் திண்ணையில் அமர்ந்து முறுக்குச் சுட்டு விற்றுவந்தார். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போற் பருத்து, தோல் தடித்து மடிந்து, விரல்கள் அம்மடிப்புகளுக்குள் மறைந்து கிடக்கும். புடவைக் கரையை இழுத்து இழுத்து அதனை மூடிக்கொள்வது அவர்க்கு ஓயாத வேலை. பிள்ளைகளாகிய நாங்கள் முறுக்கை வாங்கினோமேயன்றி, அவர் அருகில் அமரத் துணிந்தோமில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தனர். அவ்வியாதி தொட்டால் ஒட்டுவதன்று. அன்றியும், அவ்வளவு முதிர்ந்த நிலையில் அவர் சரீரத்தில் உயிருள்ள புழு ஒன்றேனும் இல்லாதிருந்திருக்கவுங் கூடும். அத்தெருவில் பிறர்க்கு நோயை வழங்கிவந்தவர், கால் இரண்டும் செவ்வையாயிருந்து, நன்றாக உண்டு உறங்கிய வேறு எவரோ ஆதல் வேண்டும். நோயாளி நோயைப் பரப்பாமலும், நோயற்றவர் அதனைப் பரப்பியும் வருகின்ற இவ்விந்தை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை, உயிரணு நூலின் துணைகொண்டு விளக்க முயல்வேன்.

யானைக்காலைக் கும்பகோணத்தோடு சேர்த்துப் பேசுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். கடலூர்க்காரரும் சிதம்பரத்தாரும் அதைக் கேட்டு நகைப்பதற்கு உரிமையுடையவர் அல்லர். ஏனெனில், இவ்வியாதியைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு, தெளிந்த நீரை விரும்பாது, தேங்கிய சாக்கடையையும் மூடாத கழிவுக்குழியையும் நாடுவது; சோழ மண்டலக் கரையின் தாழ்ந்த பட்டினங்களில் அவற்றிற்குக் குறைவில்லை. சுசுருதர் இந்நோயைச் ‘சிலீபதம்’ என்று குறித்திருக்கின்றார். ஆயினும் இதன் காரணம் புழுவென்று தெரியவந்தது சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலேயாம்.

1866-ல் பிரேசில் தேசத்தில் வூக்கெரர் என்பவர் ஒரு நோயாளியின் சிறுநீரில் நுண்ணிய புழுக்குஞ்சுகளைக் கண்டார். 1872-ல் கல்கத்தாவிலிருந்த திமோதி லூயிஸ் அவற்றை மனித இரத்தத்திலேயே கண்டு எழுதினார். தாய்ப்புழுவை ஆஸ்திரேலியாவில் ஜோசப் பான்கிராப்ட் 1876-ல் கண்டெடுத்தார். இவ்விருவர் பெயரையும் இணைத்து ‘வுச்செரேரியா பான்கிராப்டி’ என்று அப்புழு வழங்கப்படுகின்றது. இடையிலிருந்த லூயிஸுக்குப் பெயரில் பங்கு கிடைக்கவில்லை. 1877-ல் சீனத்து அமாய் துறைமுகத்திலிருந்த பாட்ரிக் மான்சன், நோய்ப்புழு கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டார். அவரும் ஒன்றிற் பிழைபட்டார். கொசு நீரில் விழுந்து மடிகின்றது என்றும், அந்நீரைக் குடிப்பதனால் மனிதர்க்கு நோய் வருகின்றது என்றும் அவர் எண்ணினார். கொசுவின் ஊசிவாய் வழியாகவே புழு மீண்டு வருகின்றது என்பது 1900-ல்தான் ஐயமறத் தெரிந்தது.

மான்சன் கண்ட மற்றொரு விந்தை இன்றும் மாணாக்கரை மயக்குவது. குஞ்சுகள் பகலில் நுரையீரலின் இரத்தக்குழல்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே தோலின் அருகிலுள்ள குழல்களுக்குத் திரளாக வருகின்றன. க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் வேளையும் அதுவே. யானைக்கால் தடுப்பு ஊழியர்கள் உறக்கத்திலிருப்பவரை எழுப்பி விரலிற் குத்துவது இதனாலேயன்றி, நம்மைத் துன்புறுத்தும் நோக்கத்தினால் அன்று.

அளவையும் சிறிது மனத்திற்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால், நம் சிவப்பணு ஒன்றின் அகலம் அப்பங்குகளில் ஏழு அல்லது எட்டு. புழுக்குஞ்சின் பருமனும் ஏறக்குறைய அதுவே. நீளமோ 250 முதல் 300 பங்கு வரை. ஆகையால் சிவப்பணு செல்லும் சந்துகளிலெல்லாம் அது வழுக்கிச் செல்லும். கொசுவின் வயிற்றில் தன் உறையைக் கழற்றி, குடற்சுவரைத் துளைத்து, சிறகசைக்கும் தசைக்குள் புகுந்து, பத்து முதல் பதினான்கு நாளில் இருமுறை தோலுரித்து, ஊசிவாயை அடைகின்றது. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மலேரியாக் கிருமி கொசுவினுள்ளே பல்லாயிரமாய்ப் பெருகும். இப்புழுவோ அங்கே வளருமேயன்றிப் பெருகுவதில்லை. கொசு கடித்தபின் தோலின்மேல் விழும் குஞ்சு, கடித்த துளையைத் தானே தேடிப் புகவும் வேண்டும். ஆகையால் ஒரு கடியில் இந்நோய் வருவது அரிது. ரங்கூன் நகரத்து நிலைமையைக் கணக்கிட்டு 1968-ல் வெளியிட்ட ஆராய்ச்சியாளர், இரத்தத்தில் குஞ்சு தோன்றும் ஒரு தொற்று உண்டாக நோய்ப்புழு ஏந்திய கொசுக்கடி சுமார் 15,500 வேண்டும் என்றனர். விருந்தினராய் ஓரிரவு வந்தவரைவிட, பல்லாண்டு அங்கேயே வாழ்பவரை இந்நோய் பற்றுவதன் காரணம் இதுவே.

சரீரத்திற்குட் புகுந்த புழு எங்கே குடியேறுகின்றது? இரத்தக்குழலில் அன்று, நிணநீர்க்குழலில். இரத்தக்குழல்களிலிருந்து கசிந்து திசுக்களிடையே நிற்கும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்திற் சேர்ப்பது நிணநீர்க்குழலின் தொழில். அதன் உட்சுவர் ஒற்றையடுக்கு உயிரணுக்களால் ஆயது. இடையிடையே நீர் பின்வாங்காதபடி சிறு கதவுகள் உண்டு. அங்கே எட்டுப் பத்துச் சென்டிமீட்டர் நீளமும் நூலின் மென்மையும் உடைய பெண்புழுவும், அதிற் பாதி நீளமுள்ள ஆண்புழுவும் பின்னிப் பிணைந்து பல்லாண்டு வாழ்ந்து, இலட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈனுகின்றன. 1994-ல் பிரேசில் நாட்டு மருத்துவர்கள், செவிக்கெட்டாத ஒலியலையைக்கொண்டு உயிருள்ள மனிதரிடத்தில் இப்புழுக்கள் ஓயாது நெளிவதைத் திரையிற் கண்டனர். அங்ஙனம் காணப்பட்டோரிற் பலர் தமக்கு நோய் உண்டென்றே அறியாதவர்.

உயிரணு நூலின் உதவி இங்கேதான் தேவையாகின்றது. உயிரோடிருக்கும் புழு குழலை அடைத்து வீக்கத்தை உண்டாக்குகின்றது என்று முன்னர் எண்ணினர். அவ்வாறன்று. அது குழலை அடைப்பதில்லை, அகலப்படுத்துகின்றது. உட்சுவர் உயிரணுக்கள், தம்மைப் பெருகச்செய்யும் ஊக்கிப் பொருள்களின் ஏவலால் தளர்ந்து பரவுகின்றன. குழல் விரிய விரிய, உட்கதவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. கதவு பொருந்தாத வாய்க்காலில் நீர் மேலேறுமோ? ஆயினும் இக்கட்டத்தில் வலியில்லை, காய்ச்சலில்லை, வீக்கமும் பெரும்பாலும் இல்லை. ஏனென்றால், அயலாரைக் கண்டால் போர்தொடுக்க வேண்டிய நம் வெள்ளணுக்களைப் புழு அடக்கிவைத்திருக்கின்றது. ஒழுங்கு காக்கும் டி-உயிரணுக்கள் என்று ஒருவகை உண்டு. போர் வரம்பு மீறிச் சொந்த வீட்டையே கொளுத்திவிடாதபடி தடுப்பது அவற்றின் கடமை. இன்டர்லூகின்-10 என்னும் பொருளைச் சுரந்து அவை மற்ற அணுக்களை அமைதிப்படுத்தும். இக்காவலரைப் புழு தன் பக்கம் வளைத்துக்கொள்கின்றது. குஞ்சுகள் இரத்தத்தில் நிறைந்திருக்க, மனிதர் தம்மை ஆரோக்கியர் என்று எண்ணித் திரிவது இதனாலேயே. எங்கள் தெருவில் பெயரறியாத அவ்வொருவர் இத்தகையவர்.

புழு மடியும்பொழுதே கலகம் மூள்கின்றது. அக்கலகத்தில் புழுவின் உடல் மட்டுமன்றி, அதன் உயிரணுக்களுக்குள் வாழும் வேறொரு குடியும் பங்குகொள்கின்றது. 1924-ல் ஹெர்ட்டிக், வோல்பாக் என்னும் இருவர் க்யூலெக்ஸ் இனத்துக் கொசு ஒன்றின் உயிரணுக்களுக்குள் ஒரு நுண்கிருமியைக் கண்டனர். 1936-ல் அதற்கு வோல்பாக்கியா என்னும் பெயர் ஏற்பட்டது. பின்னர் 1970-களில், எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் யானைக்காற் புழுவை நோக்கியவர்கள், அதன் தோலடி அணுக்களிலும் சினையிலும் இவ்வினத்துக் கிருமிகளையே கண்டனர். (கொசுவிலுள்ளதும் புழுவிலுள்ளதும் உறவினரேயன்றி ஒன்றல்ல, கொசு தன் கிருமியைப் புழுவிற்குக் கொடுப்பதில்லை.) தாய்ப்புழுவிடமிருந்து சினை வழியாக அது தலைமுறைதோறும் இறங்குகின்றது. 2005-ல் அக்கிருமியின் மரபுப்பொருள் முழுமையும் படிக்கப்பட்டபோது, புழு தானே செய்துகொள்ள இயலாத ஹீம் முதலிய பொருள்களை ஆக்கும் திறம் குடியிருப்போனிடம் இருப்பது வெளியாயிற்று. வீட்டுக்காரன் சமைக்க அறியான். குடியிருப்போன் சமைத்துப் போடுகின்றான். குடியிருப்போனைக் கொன்றால் வீட்டுக்காரன் என்னாவான் என்று ஆராய்ச்சியாளர் நினைத்தது இயல்பே. 2005-லேயே, எட்டு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுக்கப்பட்ட நோயாளிகளிடம் தாய்ப்புழுக்கள் மடிந்தது தான்ஸானியாவில் காணப்பட்டது. ஆனால் எட்டு வாரம் நாள்தோறும் உண்ணவேண்டியதும், சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாததுமான மருந்தை ஊர்முழுதும் வழங்குதல் எளிதன்று.

புழு மடிந்து சிதறும்பொழுது இக்கிருமிகளின் மேற்புறத்துக் கொழுப்புப் புரதங்கள் வெளிப்படுகின்றன. புழுவைக் கண்டு வாளாவிருந்த வெள்ளணுக்கள் இவற்றைக் கண்டு பொங்கி எழுகின்றன. முன்னரே விரிந்து கெட்ட குழலில் அழற்சியும் சேர்ந்தால், நிணநீர் தேங்கிக் கால் வீங்கத் தொடங்கும். பிறகு நோயை வளர்ப்பவை பெரும்பாலும் புழுவல்ல. கால்விரலிடுக்கின் புண்கள் வழியாய் நுழையும் சாதாரணக் கிருமிகளே. நீர் தேங்கிய காலில் அவற்றை எதிர்க்கும் வலி குறைவு. ஆண்டுக்குச் சிலமுறை குளிர்காய்ச்சலும் நெறிக்கட்டும் வந்து போக, ஒவ்வொருமுறையும் தோல் சற்றே தடித்து, இறுதியில் யானைக்காலாகின்றது. நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, உறங்குகையில் காலை உயர்த்தி வைத்தால் இக்காய்ச்சல்கள் வெகுவாகக் குறையும். இச்சிறு உபாயத்தை அம்மூதாட்டியார்க்குச் சொல்லுவார் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லாதிருந்தனர். அவர் கேட்டதெல்லாம், மழைக்காலத்தில் வெளியே போகாதே என்பதுதான்.

மருந்தின் கதையில் நம்மவர் ஒருவர் வருகின்றார். 1895-ல் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏடீபீ என்னும் பொருளை நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் மனப்பாடஞ் செய்கின்றனர். தசையில் அதனைப் பிரித்தறிந்தவர்களுள் அவர் ஒருவர் என்பதைப் பலர் அறியார். அவர் தலைமையில் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையார் 1947-ல் வெளிப்படுத்திய ஹெட்ரஸானே இன்றும் யானைக்காலுக்கு வழங்கப்படும் டீ.ஈ.சி. மருந்து. அது குஞ்சுகளை நஞ்சுபோல் நேரே கொல்வதைக் காட்டிலும், அவற்றை நம் இரத்தத்தின் காவலணுக்களுக்குக் காட்டிக்கொடுத்துப் பிடித்தொழிக்கச் செய்கின்றது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. 1948-ல் சுப்பாராவ் காலமானார். 1980-களில் காரைக்காலில் இம்மருந்தை உப்பிற் கலந்தே மக்களுக்கு வழங்கிப் பார்த்தனர்.

1996-97-ல் இந்திய அரசாங்கம் ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் எல்லோர்க்கும் இம்மாத்திரையைக் கொடுக்கும் சோதனைத் திட்டத்தை ஏழு மாநிலங்களின் பதின்மூன்று மாவட்டங்களில் மேற்கொண்டது. நம் கடலூர் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. 2004 முதல் அது தேசமளாவிய திட்டமாயிற்று. பின்னர் ஆல்பெண்டஸோலும் உடன் சேர்ந்தது. அக்காலத்தில் சிதம்பரத்திற் பயின்றுகொண்டிருந்த நான், வாயிலில் நின்ற ஊழியர் கையிலிருந்து மாத்திரையைப் பணிவுடன் வாங்கிச் சட்டைப்பையில் இட்டு, அவர் தலை மறைந்ததும் சாக்கடையில் எறிந்தேன். எனக்குக் கால் வீங்கவில்லையே என்பது என் நியாயம். விடுதியில் என்னுடனிருந்த ஒருவர் உண்டு, இரவில் காய்ச்சலும் தலைவலியும் கொண்டார். மருந்தே நோயைக் கொடுத்தது என்று நாங்கள் முடிவு கட்டினோம். குஞ்சுகள் இரத்தத்தில் உள்ளவர்க்கே பெரும்பாலும் அக்காய்ச்சல் வரும் என்றும், மடிந்த குஞ்சுகளும் அவற்றினுள்ளிருந்த கிருமிகளும் சிதறுவதே அதன் காரணம் என்றும், எங்களுள் அம்மருந்து எவர்க்கு வேண்டியிருந்ததோ அவரே அதனை உண்டார் என்றும் பின்னாளில்தான் அறிந்தேன். நான் எறிந்த மாத்திரை விழுந்த சாக்கடையில் க்யூலெக்ஸ் கொசு முட்டையிட்டிருக்கக்கூடும்.

தாய்ப்புழு சராசரி ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை வாழ்கின்றது. மாத்திரையோ குஞ்சுகளை ஒழிக்குமளவிற்குத் தாயை ஒழிப்பதில்லை. ஆகையால் தாய் மூப்படைந்து மடியும் வரை, ஆண்டுதோறும் இரத்தத்தைக் குஞ்சின்றி வைத்திருந்தால், கொசுவிற்கு ஏந்திச்செல்ல ஒன்றும் அகப்படாது. ஓராண்டு உண்டு மறுவாண்டு விடுவதாற் பயன் குறைகின்றது. இலங்கையில் இவ்வுபாயம் நிறைவேறி, 2016-ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் அத்தீவில் யானைக்கால் பொதுச் சுகாதாரக் கேடாக இல்லை என்று உறுதி செய்தது.

மாத்திரை வழங்குவதை நிறுத்தலாமா என்று தீர்மானிக்க வரும் பரிசோதகர் முதியவர்களைத் தேடுவதில்லை. அவர்கள் போவது தொடக்கப் பள்ளிக்கு. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளின் விரலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, தாய்ப்புழு சுரக்கும் பொருள் அதில் உண்டோவென்று ஒரு சிறு அட்டையில் பார்க்கின்றனர். இதற்கு நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மாத்திரை வழங்கத் தொடங்கிய பின்னர்ப் பிறந்தவர்கள் இப்பிள்ளைகள். முதியவரிடத்தில் காண்பது பழங்கணக்காயிருக்கலாம். இவர்களிடத்தில் கோடு தோன்றினால், அவ்வூர்க் கொசு இன்னும் புழுவைச் சுமந்துகொண்டிருக்கின்றது என்பது பொருள்.