‘போட்டுடுவேன்’ என்று ஒரு குழந்தை சொன்னால்…

வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவை. பென்சிலைப் பிடுங்கியவனைப் பார்த்து ‘போட்டுடுவேன்’. பெஞ்சில் நகர்ந்து உட்காராதவளிடம் ‘தூக்கிடுவேன்’. ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் தோற்றுப்போனால் ‘செஞ்சுடுவேன்’. மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் ‘ஸ்கெட்ச்’, ‘சம்பவம்’ எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. சொல்கிற பிள்ளைக்குப் பால்பல்கூட முழுதாக விழுந்திருக்காது. கேட்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

பள்ளிகள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கின்றன. வாய்மேலேயே ஓர் அடி. அல்லது ‘டிசி கொடுத்து அனுப்பிடுவேன்’ என்ற மிரட்டல். அல்லது அம்மாவை வரச்சொல்லி, எல்லோர் முன்னாலும் நிறுத்தி ஒரு விசாரணை. முதல் இரண்டுக்கும் சட்டத்தில் இடமே இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மாணவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிவிட்டது. பள்ளியைவிட்டு நீக்குவதற்கு அது வழிவிடவில்லை. தமிழ்நாடு தன் கல்வி விதிகளிலிருந்து உடல்ரீதியான தண்டனையை 2003-லேயே எடுத்துவிட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு பள்ளிக் கல்வித்துறை இதைப் பள்ளிகளுக்கு மீண்டும் நினைவூட்டியது. ஆக, மிஞ்சுவது பெற்றோரை அழைப்பது மட்டும்தான். அதை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், அந்தச் சொல் பிள்ளையின் வாய்க்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

பார்த்ததைச் செய்யும் வயது

1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் செய்த சோதனையை உளவியல் படித்த எல்லோரும் அறிவார்கள். மூன்று வயதிலிருந்து ஆறு வயதை நெருங்கும்வரையான 72 குழந்தைகள். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை ஒரு பெரியவர் சுத்தியலால் அடிக்கிறார், உதைக்கிறார், தூக்கி வீசுகிறார். அப்படிச் செய்யும்போது சில வாக்கியங்களையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இதைப் பார்த்த குழந்தைகளில் பலர் பிறகு அதே பொம்மையை அதே விதமாக அடித்தார்கள், அதே வாக்கியங்களையும் சொன்னார்கள். 1963-இல் திரைப்படமாகக் காட்டியபோதும் விளைவு அதுவே.

இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு. பொம்மை இருந்த அறைக்குள் அனுப்புவதற்கு முன், நல்ல நல்ல விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்துவிட்டு, சற்று நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குழந்தை எரிச்சலோடுதான் உள்ளே போனது. வகுப்பறையிலும் ‘போட்டுடுவேன்’ பிறப்பது பென்சில் பறிபோன அந்த நொடியில்தான். கோபத்துக்குச் சொந்தமாக ஒரு சொல் இல்லாத வயதில், பார்த்துவைத்த சொல் கைகொடுக்கிறது.

1965-இல் பண்டூரா இன்னொன்றையும் காட்டினார். படத்தில் அடித்தவர் கடைசியில் தண்டிக்கப்பட்டால், பார்த்த குழந்தைகள் அதைச் செய்வது குறைந்தது. ஆனால், ‘நீ பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு’ என்றதும் அவர்களும் அப்படியே செய்து காட்டினார்கள். கற்றது உள்ளே இருந்தது. தண்டனை அதை வெளியே வராமல் நிறுத்தியது, அவ்வளவுதான். வாயில் அடி வாங்கிய பிள்ளை அந்த ஆசிரியர் காதுபடச் சொல்வதை நிறுத்தும். கழிப்பறைப் பக்கம், வேனில், தெருவில் சொல்லும். பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றாகுமா என்று இந்தச் சோதனையை விமர்சித்தவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. ஆனால் சொற்கள் எப்படித் தொற்றுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சாவு என்பது திரும்பி வர முடியாத ஒன்று என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் மெல்லப் புரிகிறது. அதற்கு முன் ‘கொன்னுடுவேன்’ என்று சொல்லும் பிள்ளையின் மனதில், செத்தவர் சாப்பாட்டு வேளைக்கு எழுந்து வந்துவிடுவார். அந்தச் சொல்லைப் பெரியவர் சொன்னதாக எடைபோடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நிலை இன்னும் தனி. கேட்ட வசனத்தை அப்படியே, அதே ஏற்ற இறக்கத்தோடு, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் திருப்பிச் சொல்வது அவர்களில் பலரின் பேச்சு முறை. தண்ணீர் வேண்டும் என்பதற்கோ, சத்தம் தாங்கவில்லை என்பதற்கோகூட ஒரு சினிமா வசனம் வரலாம். அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு தண்டித்தால், பேச இருக்கும் ஒரே வழியையும் அடைத்தவர்களாவோம்.

சான்றிதழ் தியேட்டர் வாசலோடு சரி

சொல் எங்கிருந்து வருகிறது என்றதும் எல்லோரும் சினிமாவைக் காட்டுவார்கள். சினிமாவுக்குப் பங்கு இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். ‘வடசென்னை’ படத்துக்கு 2018-இல் ‘ஏ’ சான்றிதழ். 2025-இல் ‘கூலி’க்கும் ‘ஏ’. அதை மாற்றக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், மனு தள்ளுபடியானது. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, ‘யுஏ’ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தத் தடுப்புகள் யாவும் தியேட்டர் வாசலில் நிற்பவை. அதே படத்தின் அரிவாள் காட்சி முப்பது நொடித் துண்டாக, பின்னணி இசை ஏற்றப்பட்டு, அம்மாவின் செல்போனில் ஓடும்போது அதற்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. முழுப் படத்தில் கத்தி எடுத்தவனுக்குக் கடைசியில் என்ன ஆனது என்பது இருக்கும். ரீல்ஸில் அது இருக்காது. பண்டூராவின் 1965 சோதனையை வைத்துப் பார்த்தால், குழந்தையைத் தயங்க வைக்கக்கூடிய பகுதியைத்தான் வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் காட்டுகிறோம்.

ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், இரண்டு வயதுக்குள் அறவே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் சொன்னது. காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலத்துக்குப் போகும் தாயிடமும், துறைமுக வாசலில் வரிசை நகரக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநரின் குடும்பத்திடமும் இதைச் சட்டம்போல நீட்டுவது எளிது. ஒற்றை அறை வீட்டில், ஷிப்ட் முடிந்து ஒருவர் தூங்கும்போது குழந்தையைச் சத்தம் போடாமல் வைத்திருப்பது அந்த செல்போன்தான். அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசத் தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

அதோடு, நம் வாயில் வருவதென்ன? ‘தோலை உரிச்சிடுவேன்’, ‘காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்’, ‘கொன்னே போட்டுடுவேன்’. இவை எந்தப் படத்திலும் எழுதித் தந்தவை அல்ல. சோறு ஊட்டும்போதும் வீட்டுப்பாடம் எழுதவைக்கும்போதும் பெரியவர்கள் சொல்பவை. பள்ளியில் சேர்க்கும்போது, ‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்’ என்று அன்போடு ஒப்படைத்த தலைமுறைகள் நாம். பிள்ளை வீடு, திரை, வகுப்பு என்று மூன்று இடத்திலும் ஒரே மொழியைக் கேட்கிறது. நான்காவதாக அது பேசும்போது மட்டும் நமக்கு அதிர்ச்சி.

வடசென்னைக்கு என்று ஒன்று

சாவைப் பற்றிக் குழந்தை பேசுவதெல்லாம் திரையிலிருந்து வந்ததும் அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் கையில் கிடைத்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடியில் மாணவர்கள் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த மாதம் பள்ளியைத் திறந்ததும் மறுபடியும் அது நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் பெரம்பூரில் ஓர் அரசியல் தலைவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நாட்கணக்கில் செய்தித் தொலைக்காட்சிகளில் அந்தப் பேச்சே ஓடியது. இங்கே ஒரு பிள்ளை ‘எல்லாரும் செத்துடுவோம்’ என்றால், அது வசனமா, அந்த இரவின் நினைவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே வட்டாரத்துப் பிள்ளைகள்மேல் விழும் முத்திரையும் கனமானது. வேறு இடத்தில் ‘குறும்பு’ என்று கடந்துபோகும் ஒரு சொல், இங்கே ‘இப்பவே ரவுடி ஆயிட்டான்’ என்றாகிறது. ஆறு வயதில் ரவுடி என்று கூப்பிடப்படும் பிள்ளை அந்தப் பெயரில் ‘கெத்து’ இருப்பதையும் சீக்கிரம் கண்டுகொள்கிறது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

2012 பிப்ரவரி 9-ஆம் தேதி பாரிமுனைப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். (சிறாரை அடையாளம் காட்டும் பள்ளிப் பெயர் முதலிய விவரங்களைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது.) அந்தச் சமயம் ஓடிக்கொண்டிருந்த ‘அக்னிபத்’ இந்திப் படம் அவனைத் தூண்டியதாகச் செய்திகள் வந்தன, விவாதமெல்லாம் அதையே சுற்றியது. பாடத்தில் பின்தங்கியது பற்றிப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு எழுதி அனுப்பப்பட்ட குறிப்புகளும், அவற்றால் வீட்டில் எழுந்த நெருக்கடியும் அதே செய்திகளின் ஓரத்தில் இருந்தன. அந்த ஆசிரியை தன் கடமையைத்தான் செய்தார். அவர்மேல் ஒரு துளி பழியும் இல்லை. ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையில் புகார் மட்டுமே போய்வந்தால், நடுவில் நிற்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை.

தாமதமாகத் தொடங்கும் திட்டங்கள்

2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளி நல அலுவலர்கள், அறநெறி வகுப்புகள் என்று பல பரிந்துரைகள். வகுப்புகள் ஆறாம் வகுப்பிலிருந்து. சென்னைக் காவல்துறை மூலம் 2022-இல் தொடங்கிய ‘சிற்பி’ திட்டம் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு. சொல் வந்து சேர்வதோ அங்கன்வாடியில். நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் இதற்கென்று ஆசிரியர் கையில் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே அவரே சமாளிக்கிறார்.

பயத்தில் எல்லை மீறியவர்களும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2013-இல், சோப்பு நுரைத் துப்பாக்கியால் சுடப்போவதாகச் சொன்ன ஐந்து வயதுச் சிறுமியைப் பள்ளி இடைநீக்கம் செய்தது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தண்டிப்பதால் பள்ளிகள் பாதுகாப்பாகிவிடவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2006-லேயே சொல்லியிருந்தது. 2021-இல் ‘ஸ்க்விட் கேம்’ தொடரைப் பார்த்து, தோற்றவரை அடிக்கும் விளையாட்டு பரவியபோது பெல்ஜியத்தில் ஒரு பள்ளி பெற்றோருக்கு வெளிப்படையாக எழுதி உதவி கேட்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

வகுப்பில் சொல் விழுந்ததும் ஆசிரியர் செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை. முதலில் பறிபோன பென்சிலைக் கவனிக்க வேண்டும். ‘உனக்குக் கோவம் வந்துச்சு, இல்ல? கோவமா இருக்குன்னு சொல்லு, குடுன்னு சொல்லு’ என்று மாற்றுச் சொல்லைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் கேட்ட பிள்ளைக்குப் பயமாக இருந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்; பாதிக்கப்பட்ட பிள்ளையை மறந்துவிட்டு நடத்தும் எந்தச் சமரசமும் நிலைக்காது. பிறகு, தனியாக இருக்கும்போது: ‘இதை எங்க கேட்டே? அப்புறம் என்ன ஆச்சு?’ இந்த இரண்டாவது கேள்வி முக்கியம். பிள்ளை கதையின் மீதியைச் சொல்லும். செல்போனா, மாமாவா, தெருவில் பார்த்ததா என்பது அதில் தெரிந்துவிடும். விளையாட்டில் சுட்டுக்கொண்டே இருந்தால், ‘ஆம்புலன்ஸ் யாரு? டாக்டர் யாரு?’ என்று புது வேடங்களைச் சேர்த்துவிடலாம். பெற்றோரிடம் பேசுவது மூன்றாம் மனிதர் இல்லாத இடத்தில், பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லிவிட்டு.

கவலைப்பட வேண்டிய நிலையும் உண்டு. ஒரே பிள்ளையைக் குறிவைத்து வாரக்கணக்கில் சொல்வது, எப்போது எப்படி என்று விவரமாகச் சொல்வது, பொருளைக் கையில் எடுப்பது, விலங்குகளை வதைப்பது, தூக்கமும் சாப்பாடும் திடீரென்று மாறுவது, ‘நான் செத்துடுறேன்’ என்று தன்னையே சொல்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் இந்த வட்டாரத்துக்குப் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. கல்வி தொடர்பான ஆலோசனைக்கு 14417. வீட்டிலோ வெளியிலோ பிள்ளை அடிபடுகிறது என்று சந்தேகம் வந்தால் 1098. இரண்டும் கட்டணமில்லா எண்கள். ஆசிரியரும் அழைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம்.