அடுத்த ஆட்டம் எது?

பத்தாம் வகுப்புத் தேர்வை நல்லபடியாக எழுதி முடித்த எங்கள் மூத்த மகனுக்கு அவனுடைய ஞானத்தந்தை ஒரு தொகையை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். அதைக்கொண்டு தன் பிளேஸ்டேஷன் 4 கருவிக்குப் புதிய ஆட்டம் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவன் விண்ணப்பம். எதை வாங்குவது என்னும் விவாதம் எங்கள் இல்லத்தில் மூன்று மாலைகள் நீடித்தது. நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே பேச்சு எழக்கூடுமாதலின், நடந்ததை இங்கு எழுதத் துணிகின்றோம்.

அவன் கேட்டது ‘திறந்த உலக’ ஆட்டம். எங்கள் இளமையில் கண்ட வீடியோ ஆட்டங்களில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம், வழி ஒன்றே. இதிலோ ஒரு நகரமோ நாடோ முழுமையாக விரித்து வைக்கப்பட்டிருக்கும். எத்திசை செல்வது, யாரிடம் பேசுவது, கதையை இன்று தொடர்வதா மலையேறுவதா என்பதெல்லாம் ஆடுபவரின் விருப்பம். திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இதுவோ வாரக்கணக்கில் பிள்ளை குடியிருக்கப்போகும் ஊர். அந்த ஊரில், யாரும் ஏவாத வேளையில், அவன் என்ன செய்துகொண்டிருப்பான்? இந்த ஒரு கேள்வியையே நாங்கள் அளவுகோலாகக் கொண்டோம்.

பட்டியலில் முதலில் நின்றது 2013இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’. உலகெங்கும் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒத்த ஒரு கற்பனை நகரில் மூன்று குற்றவாளிகளின் வாழ்வை நடத்துவதே ஆட்டம். சாலையில் போவோர்மீது வண்டியை ஏற்றலாம். கட்டுண்ட மனிதன் ஒருவனை ஆடுபவரே சித்திரவதை செய்யவேண்டிய கட்டமும் உண்டு. ஐரோப்பிய வயதுக் குறியீடு 18. நாங்கள் மறுத்தபோது, “நண்பன் வீட்டில் ஏற்கெனவே ஆடிவிட்டேன், அப்பா” என்றான் மகன், தலைகுனிந்தவாறே.

அன்றிரவு செபமாலைக்குப் பின்னும் எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அவன் ஆடியதைவிட ஓராண்டாக மறைத்ததே உறுத்தியது. ஆனால் அவன் ஆடும்போது ஒருநாளேனும் நாங்கள் அருகில் அமர்ந்ததுண்டா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தன் ஏட்டில் பெற்றோரின் பொறுப்பை எடுத்துரைத்தது. நாங்களோ கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தோம்.

இரண்டாம் மாலை அவன் அருகிலமர்ந்து முன்னோட்டங்களைப் பார்த்தோம். சின்னவள் விரும்பிய ‘செல்டா’ அழகானதே. ஆயினும் அது நின்டெண்டோ கருவியில் மட்டுமே இயங்குவது.

அடுத்து ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’. 2018இல் வெளிவந்தது, 1899ஆம் ஆண்டின் அமெரிக்காவில் நிகழ்வது. கொள்ளைக்கூட்டத்தைச் சேர்ந்த ஆர்தர் மார்கன், கடனை வசூலிக்கப் போய் நோயுற்ற ஏழை ஒருவனை அடிக்கிறான். அந்த ஏழையிடமிருந்தே காசநோய் அவனைத் தொற்றுகிறது. ஆடுபவரின் நற்செயலும் தீச்செயலும் ஓர் அளவையில் ஏறி இறங்கும். பிற்பகுதியில் வரக்கூடிய ஒரு காட்சியில், இரயில் நிலையத்தில் ஒரு கன்னிகையிடம் தான் அஞ்சுவதாக அவன் ஒப்புக்கொள்கிறான். மனந்திரும்புதலை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் திரைப்படங்களே அரிது எனலாம். எங்களுக்கே ஆசை பிறந்தது, மறைப்பானேன்? ஆனால் அந்தக் காட்சியை அடையும்வரை ஓடும் இரத்தம் கொஞ்சமன்று. இதற்கும் குறியீடு 18. கதையை முடிக்கவே சுமார் ஐம்பது மணி நேரம் ஆகும். “நல்ல ஆட்டம்தான், ஆனால் இப்போது வேண்டாம்” என்றோம். அவனுக்குக் கோபம். “நல்லது என்று சொல்லிவிட்டு ஏன் மறுக்கிறீர்கள்?” என்ற அவன் வாதத்தில் நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை.

மூன்றாம் மாலை எஞ்சியது ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’, அதுவும் 2018இல் வந்ததே. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியே இதன் உலகம். இதற்கு அமெரிக்கக் குறியீடு 13 வயது என்கிறது, ஐரோப்பியக் குறியீடோ 16. எங்கள் மகனுக்கு 15! அட்டையிலுள்ள எண் நமக்காகத் தீர்மானித்துவிடும் என்று எண்ணியிருப்போர் இதைக் கவனிக்க. இதிலும் அடிதடி நிறைய உண்டு. ஆயினும் நாயகன் கொல்வதில்லை. மாடியிலிருந்து தள்ளப்படும் எதிரிகூடக் கீழே விழாமல், வலைநூலால் சுவரில் ஒட்டிக்கொள்கிறான். அவனுடைய சித்தி மே பணிபுரிவது வீடற்றோர் இல்லத்தில். அவனும் அங்கே தொண்டு செய்கிறான். இறுதியில், மிக நெருங்கிய ஓர் உயிரா, ஊர் மக்கள் அனைவருமா என்னும் தேர்வு அவன்முன் நிற்கிறது. அவன் எதைத் தெரிந்துகொண்டான் என்பதை இங்கு சொல்லி, வாங்கப்போகும் வீட்டாரின் சுவையைக் கெடுக்கமாட்டோம்.

இதையே வாங்கினோம். நாள்தோறும் ஒரு மணி நேரம், கூடத்தில், கதவு திறந்தபடி என்பது உடன்பாடு. நாங்களும் ஒருமுறை முயன்று, கட்டடம் ஒவ்வொன்றிலும் மோதி, சின்னவளின் சிரிப்புக்கு ஆளானோம்.

சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் எட்டிப் பார்த்தபோது, கதை பாதியில் நிற்க, மகன் கூரைகளுக்கு மேலே எதையோ துரத்திக்கொண்டிருந்தான். வீடற்ற ஹாவர்ட் என்பவர் தம் பன்னிரண்டு புறாக்களைத் தொலைத்துவிட்டாராம், ஒன்பது கிடைத்துவிட்டனவாம். சுவரிலிருந்த நாட்காட்டியின் பின்புறத்தில் அவன் கையெழுத்தில் ஒரு குறிப்பும் கண்டோம்: “பதினெட்டாம் பிறந்தநாள் – ரெட் டெட். அப்பாவும் பக்கத்தில்.”