திருவிழா மேடையின் மெல்லிசைக் குழுக்கள்

ஐம்பது வயதைத் தாண்டியவரிடம் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அன்றிரவு பாடிய மெல்லிசைக் குழுவின் பெயரைத் தயங்காமல் சொல்வார். டி.எம்.எஸ். குரலில் பாடியவர் யார், பி.சுசீலாவின் குரலில் பாடிக் கைதட்டல் வாங்கிய ஆண் பாடகர் யார் என்பதும் தொடர்ந்து வரும்.

1970, 80களில் அந்த மேடைக்கென்று ஒரு முறை இருந்தது. பக்திப் பாட்டோடு கச்சேரி தொடங்கும். பிறகு கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் நேயர் விருப்பங்கள் வந்து குவியும். வானொலியிலும் இசைத்தட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்டே புதுப் பாட்டைப் பழகுவார்கள். சினிமாவில் ஏராளமான வயலின்கள் சேர்ந்து வாசித்ததை, மேடையில் ஓர் அக்கார்டியன்காரர் ஒற்றை ஆளாகச் சமாளிக்க வேண்டும். தபலா, பாங்கோ, டிரம்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று முடிவு செய்ய ஆழ்ந்த இசையறிவு வேண்டும். அதை வெறும் நகல் என்று ஒதுக்குவது அநியாயம்.

சினிமா இசைக்கே இத்தகைய மேடைகள்தான் பள்ளிக்கூடம். பாவலர் வரதராஜன் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு எடுபட்டது. அந்தக் குழுவில் ஆர்மோனியம் வாசித்த தம்பிதான் 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இசையமைப்பாளராக வந்த இளையராஜா. எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவிலும் அவரும் சகோதரர்களும் வாசித்திருக்கிறார்கள். ஏ.வி.ரமணனின் ‘மியூசியானோ’ குழுவில் பாடிவந்த உமா ரமணனை, ‘நிழல்கள்’ (1980) படப் பாட்டு தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது.

இப்படிப் பெயர் பெற்றவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பகலில் ஏதோ ஒரு வேலை பார்த்து, இரவில் வேனில் ஏறிப் போய் வாசித்தவர்கள்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் குரல்கள் மறக்காததற்குக் காரணம் உண்டு. பதின்வயதிலிருந்து முப்பது வரையிலான அனுபவங்களே முதுமையில் அதிகம் நினைவில் நிற்கும் என்கிறார்கள் உளவியல் ஆய்வாளர்கள். அந்தப் பருவத்தில் நம் தெருக்காரரே மேடையேறிப் பாடினால் எப்படி மறக்கும்?

காலம் மாறியது. பல வாத்தியங்களின் இடத்தைக் கீபோர்டு பிடித்தது. பாட்டுக்கான வாத்திய இசை பதிவாகவே கிடைத்தது. தொலைக்காட்சி வீட்டுக்கே கச்சேரியைக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தன.

பாடியவை பிறர் பாட்டு என்பதால் இவர்களைப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஆர்வத்தில் யாரோ டேப்ரிக்கார்டரில் பிடித்த கேசட்டுகளே மிச்சம். நாளாக ஆக ஒலிநாடாவின் காந்தப் பூச்சு உதிரக்கூடும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட்டோ, கச்சேரி நோட்டீசோ இருந்தால் உடனே டிஜிட்டலாக மாற்றிவையுங்கள். ஊர், ஆண்டு, பாடியவர், வாசித்தவர் பெயர்களையும் மறக்காமல் எழுதிவையுங்கள்.