கேட்காத டேட்டாவுக்கு வந்த பில்

ஸ்மார்ட்போனை மாற்றியதும் மாத பில் ஏறிவிடுவது மொபைல் சேவையில் நெடுநாளாக இருந்துவரும் புகார். அமெரிக்காவில் இதற்கு வலுவான காரணம் இருந்தது. 2000-களின் கடைசியில் அங்குள்ள பெரிய நிறுவனங்கள், ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் டேட்டா பிளானும் வாங்கியே தீர வேண்டும் என்று விதி வைத்தன. போனை அவை குறைந்த விலைக்குக் கொடுத்து, விட்ட பணத்தை 2 ஆண்டு ஒப்பந்தத்தின் மாதக் கட்டணத்தில் எடுத்துக்கொண்டன. பட்டன் போனை விட்டு ஸ்மார்ட்போனுக்கு வந்தவர் இணையத்தைத் தொடாவிட்டாலும் டேட்டாவுக்குப் பணம் கட்டினார்.

கடையில் வாங்காமல், உறவினர் கொடுத்த பழைய ஸ்மார்ட்போனில் சிம்மைப் போட்டுக்கொண்டவர்களும் இதில் சிக்கினார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும். அதன் முதல் 8 இலக்கங்கள் போன் எந்த மாடல் என்பதைச் சொல்லிவிடும். சிம் எந்தப் போனில் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்கு உடனே தெரிவதால், ஏடி அண்ட் டி போன்ற நிறுவனங்கள் ஸ்மார்ட்போனைக் கண்டதும் டேட்டா பிளானைத் தாமாகவே கணக்கில் சேர்த்தன. வாடிக்கையாளர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அந்தக் காலத்து விலைகளைப் பார்த்தால் புகாரின் கனம் புரியும். 2010 ஜூனில் ஏடி அண்ட் டி புதிய வாடிக்கையாளர்களுக்கு வரம்பில்லாத டேட்டாவை நிறுத்தியது. 200 மெகாபைட்டுக்கு 15 டாலர், 2 ஜிபிக்கு 25 டாலர் என்று பிரித்தது. சிறிய பிளானில் இருப்பவர் 200 மெகாபைட்டைத் தாண்டினால் இன்னொரு 200-க்கு முழுதாக 15 டாலர் கட்ட வேண்டும். ஒரு மெகாபைட் தாண்டியிருந்தாலும் அதே கணக்குதான். இன்னொரு பெரிய நிறுவனமான வெரைசான் 2012 ஜூன் 28 முதல் வேறொரு வழியில் போனது. பழைய வரம்பில்லாத பிளானில் இருப்பவர் சலுகை விலையில் புதுப் போன் வாங்கினால் அந்தப் பிளானை இழப்பார். முழு விலை கொடுத்து வாங்கினால் வைத்துக்கொள்ளலாம். போன் மாற்றுவதும் பிளான் மாறுவதும் ஒரே கையெழுத்தில் அடங்கிவிட்டன. கடையில் நின்றவருக்குப் போனின் விலை தெரிந்த அளவு பிளானில் நடந்த மாற்றம் தெரிந்திருக்காது.

பிளான் மாறாமலே பில் ஏறும் வழிகளும் உண்டு. அவை இன்றைக்கும், எந்த ஊருக்கும் பொருந்தும். புதுப் போனுக்கு வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு தெரியாது. அதைக் கொடுக்க மறந்தால், பழைய போனின் படங்கள், வீடியோக்கள், செயலிகள் எல்லாம் மொபைல் டேட்டா வழியே இறங்கத் தொடங்கலாம். பழைய போனில் அணைத்து வைத்திருந்த தானியங்கி அப்டேட், பின்னணி ஒத்திசைவு, ரோமிங் டேட்டா போன்றவை புதியதில் மறுபடி திறந்திருக்கலாம். ஆப்பிள் 2015-இல் ஐஓஎஸ் 9 உடன் கொண்டுவந்த ‘வைஃபை அசிஸ்ட்’ என்ற வசதி, வைஃபை பலவீனமானதும் மொபைல் டேட்டாவுக்குத் தானே தாவும். போன் வாங்கும்போதே அது இயங்கும் நிலையில் இருந்தது. இதனால் டேட்டா கட்டணம் ஏறியதாகச் சொல்லி அதே ஆண்டு கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள்.

இந்தியாவில் இரட்டை சிம் போன்களால் வரும் சிக்கல் தனி. டேட்டா பேக் உள்ள சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்ற சிம்முக்கு மாறிக்கொள்ளும் வசதி பல போன்களில் உள்ளது. அந்த இரண்டாவது சிம் டேட்டா பேக் இல்லாத போஸ்ட்பெய்டாக இருந்தால் கட்டணம் அதில் ஏறும். ஐபோனுக்கு மாறுகிறவர்கள் பார்க்கும் இன்னொரு சிறு வரி வெளிநாட்டு எஸ்எம்எஸ். ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் எண்ணை உறுதிசெய்ய ஒரு குறுஞ்செய்தியைப் பின்னணியில் அனுப்புகின்றன. இந்தியாவில் அது பிரிட்டன் எண்ணுக்குப் போய், சர்வதேச எஸ்எம்எஸ் கட்டணமாகப் பில்லில் உட்காரும். இது மோசடி இல்லை. ஆனால், தான் அனுப்பாத செய்திக்குக் காசு போயிருப்பதைப் பார்ப்பவர் விளக்கம் கேட்பது நியாயம்தான்.

அனுப்பாததற்கும் கேட்காததற்கும் வாங்கிய காசு எவ்வளவு பெரிதாகத் திரளும் என்பதை வெரைசான் விவகாரம் காட்டியது. டேட்டா பிளான் இல்லாத அதன் வாடிக்கையாளர்கள் பலருடைய பில்லில் 1.99 டாலர் என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. ஒரு மெகாபைட்டுக்கு நிறுவனம் வைத்திருந்த விலை அது. அவர்கள் இணையத்தைத் திறந்ததே இல்லை என்று சொன்னார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2010 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது பல காரணங்கள் வெளிவந்தன. போனில் முன்பே ஏற்றியிருந்த மாதிரி விளையாட்டுகள் தாமாக இணையத்தைத் தொட்டிருந்தன. இலவசம் என்று அறிவித்த பக்கங்களுக்குச் சென்றதற்கும் காசு எடுக்கப்பட்டிருந்தது. சிக்னல் இல்லாமல் தோற்றுப்போன இணைப்பு முயற்சிகள்கூடக் கணக்கில் ஏறியிருந்தன.

2010 அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. வெரைசான் அரசுக் கருவூலத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டியது, ஏறக்குறைய 1.5 கோடி வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 5.28 கோடி டாலரைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. பெரும்பாலோருக்குக் கிடைத்தது 2 முதல் 6 டாலர்தான். தனி ஒருவருக்கு ஒரு காபிக் காசு. அதற்காகக் கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் காத்திருக்க யாருக்கும் மனம் வராது. அப்படிக் காத்திருந்து, எழுதி, விடாமல் கேட்ட சிலரால்தான் மற்றக் கோடிப்பேரின் பணமும் திரும்பியது. சிறு தொகைதானே என்று விடும் வழக்கத்தின் மேல்தான் இந்த வருமானம் முழுவதும் நின்றிருந்தது.

அதே 2010-இல் எஃப்சிசி நடத்திய ஆய்வில், சுமார் 3 கோடி அமெரிக்கர்கள், அதாவது மொபைல் வைத்திருப்பவர்களில் ஆறில் ஒருவர், பில்லில் திடீர் ஏற்றத்தைச் சந்தித்ததாகத் தெரிந்தது. வரம்பை நெருங்கும்போதும் தாண்டும்போதும் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப நிறுவனங்கள் 2011-இல் ஒப்புக்கொண்டு, 2013 ஏப்ரலுக்குள் அமலாக்கின. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் இன்னும் தெளிவானது: வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் டேட்டாவை இயக்கக் கூடாது. 1925 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தோ, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பியோ டேட்டாவைத் திறக்கலாம், மூடலாம்.

பில்லோடு மோதுவதற்கு முன் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். தவறு என்று தோன்றும் பல பில்கள், மாதத்தின் நடுவில் பிளான் மாறியதன் கணக்குகள். மாதம் 50 டாலர் பிளானில் இருப்பவர் 30 நாள் சுழற்சியின் பாதியில் 70 டாலர் பிளானுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். 50 டாலரை முன்பணமாகக் கட்டிவிட்டார். பழைய பிளானின் 15 நாளுக்கு 25 டாலர் கழிவு. புதிய பிளானின் 15 நாளுக்கு 35 டாலர் கட்டணம். அடுத்த மாதத்துக்கான முன்பணம் 70. மொத்தம் 80 டாலர். கடையில் 70 என்று சொன்னார்களே என்று கோபம் வரும். ஆனால் கணக்கு சரி. இதன்மேல் போன் மாற்றும் கட்டணம் தனி. வெரைசான் 2012 ஏப்ரலில் 30 டாலர் வைத்தது. இவையெல்லாம் ஒரு முறை வந்து போகிறவை. இரண்டாவது பில்லிலும் அதே ஏற்றம் நின்றால்தான் பிளானிலோ பயன்பாட்டிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். டேட்டா என்று தனி வரி இருந்தால் மட்டும் முதல் மாதமே கேட்டுவிட வேண்டும்.

புகாரைத் தாங்கிப் பிடிப்பது ஆவணம். பயன்பாட்டுப் பதிவு முழுவதும் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. வாடிக்கையாளர் கையில் பில் மட்டுமே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க உதவுவது போனிலேயே உள்ள டேட்டா கணக்குப் பக்கம். எந்தச் செயலி எத்தனை எம்பி தின்றது என்று அது காட்டும். புதுப் போனில் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், முதல் மாதச் சண்டைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழைய போனை அழித்து விற்பதற்கு முன் அதிலுள்ள கணக்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது நல்லது. இரு தரப்பு எண்ணும் அச்சாக ஒத்துப்போகாது: பில் சுழற்சி தொடங்கும் தேதி போனுக்குத் தெரியாது, பாதியில் அறுந்து மறுபடி அனுப்பிய தகவலை நெட்வொர்க் சேர்த்து எண்ணும். சில சதவீத வித்தியாசத்தை வைத்து வாதாடிப் பயனில்லை. போன் 300 எம்பி காட்ட, பில் 3 ஜிபி சொன்னால் அது வாதம்.

போனில் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும்: எந்த வரி, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்தப் பிளானுக்கு எப்போது எப்படிச் சம்மதம் வாங்கினார்கள், நாள்வாரிப் பயன்பாட்டுப் பட்டியல் எங்கே. சம்மதத்தின் பதிவைக் கேட்பது முக்கியம். வாடிக்கையாளர் தான் கேட்கவில்லை என்று நிரூபிப்பது கடினம். கேட்டார் என்பதற்கான பதிவை வைத்திருக்க வேண்டியவர் கட்டணம் வசூலிப்பவர்தான். பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பே எழுதி, தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிட்டால் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்குச் சாக்கு கிடைக்காது. பெரும்பாலும் முதல் அழைப்பிலேயே ஒரு சிறு தொகையைக் கழித்துச் சமாதானம் சொல்வார்கள். அதை வாங்கிக்கொள்ளலாம். கட்டணத்துக்குக் காரணமான பிளானை நீக்கினார்களா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே வரி மறுபடி வரும்.

நிறுவனம் மறுத்துவிட்டால் அடுத்து எங்கே போவது என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் எஃப்சிசியிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். நீதிமன்றக் கதவு குறுகலானது. கலிபோர்னியாவில் ஒரு தம்பதிக்கு இலவசப் போன் என்று சொல்லிவிட்டு, அதன் முழு விலைக்கான விற்பனை வரியாக 30.22 டாலர் வசூலித்தார்கள். பலர் சேர்ந்து போடும் கூட்டு வழக்காக அதை நடத்தத் தம்பதி பார்த்தார்கள். ஒப்பந்தத்தின் சிறு எழுத்தில், ஒவ்வொருவரும் தனித்தனியே நடுவரிடம்தான் போக வேண்டும் என்று இருந்தது. ‘ஏடி அண்ட் டி மொபிலிட்டி எதிர் கான்செப்சியான்’ என்ற அந்த வழக்கில் 2011 ஏப்ரல் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 30 டாலருக்காக எந்த வழக்கறிஞர் வருவார் என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி பிரேயர் கேட்டார். கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

இந்தியாவிலும் கதவு சில ஆண்டுகள் மூடியிருந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு நடுவர் தீர்ப்புக்கு வழிசெய்வதால் தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருந்தது. அதைத் திறந்துவிட்டது அகமதாபாத்தில் தொடங்கிய ஒரு பில் தகராறு. மாத வாடகை 249 ரூபாய், சராசரி பில் 555 ரூபாய் என்றிருந்த ஒருவருக்கு 2013 நவம்பர், டிசம்பருக்கு இடைப்பட்ட ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 காசுக்குப் பில் வந்தது. 2014 மே மாதம் அவர் மாவட்ட மன்றத்துக்குப் போனார். விசாரிக்க அதிகாரமே இல்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றம்வரை வாதாடியது. 2022 பிப்ரவரி 16 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த வாதத்தை நிராகரித்தது. நடுவர் வழி இருப்பதால் நுகர்வோர் வழி அடைபடாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு மாதப் பில்லுக்காகக் கேள்வி கேட்டவருக்கு, எந்த மன்றத்தில் கேட்கலாம் என்ற பதிலைப் பெறவே ஏறக்குறைய 8 ஆண்டு ஆனது. அந்தப் பதிலின் பலன் நாட்டிலுள்ள எல்லா மொபைல் வாடிக்கையாளருக்கும் சேர்கிறது.

இங்கே வரிசை இப்படி: முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தரும் டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அழைப்பை முடிக்கக் கூடாது. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் போகலாம். டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாகத் தீர்ப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் மூலமும் அழுத்தம் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது; 5 லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணைய வழியிலும் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். மனுவோடு போன் வாங்கிய ரசீது, தகராறுக்குரிய பில், அதற்கு முந்தைய சில மாதப் பில்கள், டாக்கெட் எண், மேல்முறையீட்டுக்கு வந்த பதில், டேட்டா கணக்கின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.